இயங்க மறுக்கும் மடிக்கணினி: பார்ட்டிஷனையும் பூட் கோப்புகளையும் சரிசெய்யும் முறை

மடிக்கணினியை இயக்கியதும் தயாரிப்பாளரின் சின்னம் தோன்றி மறைந்து, கறுப்புத் திரையில் ‘பூட் சாதனம் எதுவும் இல்லை’ என்னும் பொருளில் ஒரே ஒரு வரியோ, மீட்பு என்று தலைப்பிட்ட நீலத்திரையோ வந்து நின்றுவிட்டால், உள்ளே இருந்த கோப்புகள் அனைத்தும் போய்விட்டன என்றே பலரும் முதலில் எண்ணுகிறார்கள். பெரும்பாலும் அப்படி நேர்ந்திருப்பதில்லை. விண்டோஸைத் தொடங்கிவைக்கும், பூட் கோப்புகள் எனப்படும் சிறிய கோப்புகளோ, வட்டின் பிரிவுகள் (பார்ட்டிஷன்கள்) எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதைக் குறித்துவைத்திருக்கும் சிறிய அட்டவணையோதான் கெட்டிருக்கும். உண்மையான இழப்பு அதற்குப் பிறகே, கண்ணில் பட்ட கட்டளைகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இட்டுப் பார்க்கும்போதே ஏற்படுகிறது.

வட்டைப் பழுதுபார்க்கும் கட்டளைகள் இரண்டு வகைப்படும். சில, வட்டைப் படித்து நிலைமையை மட்டும் தெரிவிக்கும்; அவற்றை எத்தனை முறை இட்டாலும் எதுவும் மாறாது. மற்றவை வட்டில் எழுதும். எழுதியதைத் திரும்பப் பெறுவது கடினம், சில வேளைகளில் இயலாது. முதல் வகையைக் கொண்டு கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு, அந்த ஒரே இடத்தில் மட்டும் இரண்டாம் வகையைப் பயன்படுத்துவதே இங்கே சொல்லப்படும் முறை. விண்டோஸ் 10 அல்லது 11 உடன் வந்த, யுஇஎஃப்ஐ முறையில் (கணினியைத் தொடங்கிவைக்கும் தாய்ப்பலகை நிரலின் இன்றைய வகை) இயங்கும் மடிக்கணினிகளையே முதன்மையாகக் கருத்தில் கொண்டிருக்கிறேன். அதற்கு முந்தைய பயாஸ் முறையையும் லினக்ஸையும் பின்னால் சுருக்கமாகத் தொடுகிறேன். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருப்பதால், தட்டச்சு செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே இட வேண்டும். இடைவெளி, சாய்கோடு, முக்காற்புள்ளி ஆகியவை காட்டியபடியே வர வேண்டும்.

எங்கே நிற்கிறது என்று கண்டறிதல்

மின்விசையை அழுத்தியதும் முதலில் விழிப்பது தாய்ப்பலகையிலுள்ள யுஇஎஃப்ஐ நிரல். அது தன் நினைவகத்தில் வைத்திருக்கும் பூட் பட்டியலைப் பார்த்து, வட்டில் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன் என்னும் சிறிய பிரிவைத் தேடுகிறது. ஃபேட்32 என்னும் கோப்பமைப்பு முறையில் அமைந்த அந்தப் பிரிவு பொதுவாக 100 மெகாபைட்டும், சில தயாரிப்புகளில் 260 மெகாபைட்டும் இருக்கும்; எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. அதனுள் இஎஃப்ஐ, மைக்ரோசாஃப்ட், பூட் என்று ஒன்றினுள் ஒன்றாக அமைந்த கோப்புறைகளில் விண்டோஸ் பூட் மேனேஜர் இருக்கிறது. அது பக்கத்திலேயே உள்ள பிசிடி (பூட் கான்ஃபிகரேஷன் டேட்டா) என்னும் தரவுக்கோப்பைப் படித்து, விண்டோஸ் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று அறிந்து, சி டிரைவிலுள்ள வின்லோடு என்னும் நிரலை அழைக்கிறது. வின்லோடு விண்டோஸின் கருநிரலையும் வட்டுக்கான டிரைவரையும் ஏற்றிய பிறகுதான் சுழலும் புள்ளிகள் தோன்றுகின்றன.

இந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு திரையில் வந்த செய்தியைப் படித்தால், தடைப்பட்ட இடம் ஏறத்தாழத் தெரிந்துவிடும். பூட் சாதனமே இல்லை என்று வந்தால், நிரல் முதற்படியைத் தாண்டவில்லை. உடனே எஃப்2, எஃப்10, எஸ்கேப், டெலீட் ஆகியவற்றில் உங்கள் தயாரிப்புக்கு உரிய விசையை அழுத்தி அமைப்புத் திரைக்குள் சென்று, சேமிப்பகப் பட்டியலில் வட்டின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே தெரியவில்லையென்றால் வட்டு செயலிழந்திருக்கலாம், அல்லது இணைப்பு தளர்ந்திருக்கலாம். எந்தக் கட்டளையும் அங்கே உதவாது. வட்டின் பெயர் தெரிந்து, பூட் வரிசையில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்னும் பதிவு மட்டும் காணாமற்போயிருந்தால், இஎஃப்ஐ பிரிவோ அதிலுள்ள கோப்புகளோ கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

நீலத்திரையில் பிசிடி என்னும் பெயர் குறிப்பிடப்பட்டாலோ, பிழை எண் 0000098 என முடிந்தாலோ, பூட் மேனேஜர் நலமாக இருக்கிறது, ஆனால் அதன் தரவுக்கோப்பில் பயன்படத்தக்க பதிவு இல்லை என்று பொருள். 0000225 என முடியும் எண், தேவையான சாதனத்தையோ கோப்பையோ அணுக முடியவில்லை என்பதைக் காட்டுகிறது; பிரிவுகளை நகர்த்திய பிறகும், ஒரு வட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகலெடுத்த பிறகும் இது அடிக்கடி வரும்.

‘இன்ஆக்ஸஸிபிள் பூட் டிவைஸ்’ என்னும் செய்தியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பெயரைப் பார்த்துப் பூட் கோப்புகளைப் புதுப்பிக்கத் தொடங்குபவர்கள் நிறைய. இந்தச் செய்தி வரும் நேரத்தில் பூட் கோப்புகள் தம் வேலையை முடித்துவிட்டன, கருநிரல் ஏறிவிட்டது, ஆனால் கருநிரலால் வட்டைப் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். தாய்ப்பலகை நிரலின் (பயாஸ்) புதுப்பிப்புக்குப் பிறகோ, தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து அமைப்புகள் தொடக்கநிலைக்குத் திரும்பிய பிறகோ இது வந்திருந்தால், அமைப்புத் திரையில், வட்டோடு கணினி தொடர்புகொள்ளும் விதத்தைக் குறிக்கும் சேமிப்பக முறை ஏஎச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு அல்லது விஎம்டி என்பதற்கோ, அதற்கு எதிர்த்திசையிலோ மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் பழைய நிலைக்குத் திருப்புவதோடு வேலை முடிந்துவிடும்.

எழுதத் தொடங்கும் முன்

வேறொரு கணினியில் குறைந்தது 8 ஜிகாபைட் பென் டிரைவ் ஒன்றைச் செருகி, மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் மீடியா கிரியேஷன் டூல் மூலம் விண்டோஸ் நிறுவல் வட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றையே எடுக்க வேண்டும். அதிலிருந்து மடிக்கணினியை இயக்கி, மொழியைக் கேட்கும் முதல் திரையில் ஷிஃப்ட்டையும் எஃப்10 விசையையும் சேர்த்து அழுத்தினால் கட்டளைச் சாளரம் திறக்கும். நிறுவு என்னும் பொத்தானின் பக்கமே போக வேண்டியதில்லை. இன்டெலின் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல மடிக்கணினிகளில் விஎம்டி இயங்கிக்கொண்டிருக்கும். அவற்றில் நிறுவல் வட்டுக்கு உள்ளிருக்கும் வட்டு தெரியாமற்போகலாம். அப்போது தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இன்டெலின் சேமிப்பக டிரைவரைப் பென் டிரைவில் இட்டு ஏற்ற வேண்டும். வட்டு இறந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

அடுத்தது, விண்டோஸின் வட்டுக் குறியாக்க வசதியான பிட்லாக்கர். மைக்ரோசாஃப்ட் கணக்குடன் தொடங்கப்பட்ட பல மடிக்கணினிகளில், உரிமையாளருக்குத் தெரியாமலேயே வட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். 48 இலக்கமுள்ள மீட்புத் திறவி இல்லாமல் சி டிரைவுக்குள் எவராலும் நுழைய முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் அந்தத் திறவி இருக்கிறதா என்று வேறொரு கருவியில் பார்த்து, தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கட்டளைச் சாளரத்தில் ‘மேனேஜ்-பிடிஇ -அன்லாக் சி: -ஆர்பி’ (manage-bde -unlock C: -rp) என்று இட்டு, ஓர் இடைவெளி விட்டு, திறவியை இடைக்கோடுகளுடன் அடித்தால் பூட்டு திறக்கும்.

வட்டின் உடல்நலத்தையும் இந்த நேரத்திலேயே பார்த்துவிட வேண்டும். உபுண்டு போன்ற லினக்ஸை இன்னொரு பென் டிரைவிலிருந்து நேரடியாக இயக்கினால், அதில் ‘ஸ்மார்ட்சிடிஎல்’ என்னும் கருவி மூலம் வட்டு தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவுகளைப் படிக்கலாம். சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர்களின் (வட்டின் சிறு சேமிப்புத் துண்டுகள்) எண்ணிக்கை, 197ஆம் பண்பாகக் காட்டப்படும். அது பூச்சியமாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் வட்டு சாகத் தொடங்கிவிட்டது. என்விஎம்இ வகை எஸ்எஸ்டியில் ஊடகப் பிழைகளின் எண்ணிக்கையையும் மீதமுள்ள உபரி இடத்தின் விழுக்காட்டையும் பாருங்கள். வட்டு உண்மையிலேயே கெட்டுக்கொண்டிருந்தால், ‘டிடிரெஸ்க்யூ’ என்னும் கருவியால் முழு வட்டையும் பெரிய வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் அந்த நகலில் செய்வதே சரி. அது படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கடினமான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். மாறாக, ‘செக்டிஸ்க்’ கட்டளையை ‘/ஆர்’ உடன் இட்டால், அது நலிந்த வட்டின் முழுப் பரப்பையும் மணிக்கணக்கில் துருவும். அந்த உழைப்பிலேயே வட்டு நின்றுபோனதுண்டு.

வட்டில் காப்பாற்ற வேண்டிய எதுவுமே இல்லையென்றால், இவ்வளவு பாடு தேவையில்லை. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவது ஒரு மணி நேர வேலை. சர்வீஸ் கடைகளில் அதையே முதலில் பரிந்துரைப்பதற்குக் காரணமும் அதுதான். கோப்புகள் வேண்டும் என்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்.

பூட் கோப்புகளைப் புதிதாக உருவாக்குதல்

கட்டளைச் சாளரத்தில் ‘டிஸ்க்பார்ட்’ என்று இட்டு நுழையுங்கள். ‘லிஸ்ட் டிஸ்க்’ என்பது வட்டுகளைக் காட்டும். கடைசி நெடுவரிசையான ஜிபிடியின் (பிரிவு அட்டவணையின் புதிய முறை) கீழே உடுக்குறி (*) இருந்தால் அந்த வட்டு யுஇஎஃப்ஐ முறைக்கு உரியது. அளவைப் பார்த்து எது உள்வட்டு, எது பென் டிரைவ் என்று பிரித்தறிந்துகொள்ளுங்கள். பிறகு ‘லிஸ்ட் வால்யூம்’ இட்டால் பிரிவுகள் வரிசையாக வரும். மறைந்தது என்னும் குறிப்புடன் ஃபேட்32 என்று 100 அல்லது 260 மெகாபைட் அளவில் இருப்பதே நாம் தேடும் பிரிவு. பென் டிரைவும் ஃபேட்32 ஆகவே இருக்கும் என்பதால் அளவைக் கவனிக்காமல் தேர்ந்தெடுக்கக் கூடாது. இதுவரை இட்டவை அனைத்தும் படிக்கும் கட்டளைகளே.

அந்தப் பிரிவின் எண் 2 என்று வைத்துக்கொண்டால், ‘செலக்ட் வால்யூம் 2’, ‘அசைன் லெட்டர்=இசட்’ என்று இரண்டு கட்டளைகளை இட்டு, ‘எக்ஸிட்’ கொடுத்து வெளியே வாருங்கள். இனி இசட் என்னும் எழுத்தால் அதை அணுகலாம். அடுத்து விண்டோஸ் எந்த எழுத்தில் இருக்கிறது என்று உறுதிசெய்ய வேண்டும், ஏனெனில் மீட்புச் சூழலில் எழுத்துகள் இடம் மாறுவது வழக்கம். வழக்கமான சி, இங்கே டி ஆகியிருக்கலாம். ‘டிர் சி:\’ என்று இட்டு, விண்டோஸ், யூசர்ஸ் என்னும் கோப்புறைகள் தெரிந்தால் அதுவே. எக்ஸ் என்று தெரியும் டிரைவ் தற்காலிக நினைவகத்தில் இயங்கும் மீட்புச் சூழலே தவிர உங்கள் வட்டு அன்று.

இப்போது எழுதும் கட்டளை: ‘பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் இசட்: /எஃப் யுஇஎஃப்ஐ’. கட்டளையின் பெயரில் பிசிடி என்னும் மூன்று எழுத்துகளும் பூட் என்னும் சொல்லும் இடைவெளியின்றிச் சேர்ந்து வரும். விண்டோஸ் கோப்புறையிலேயே பத்திரமாக இருக்கும் மூலநகல்களிலிருந்து பூட் மேனேஜரை எடுத்து இசட் பிரிவில் இட்டு, தரவுக்கோப்பையும் இந்தக் கட்டளை ஆக்கித் தருகிறது. பூட் கோப்புகள் உருவாக்கப்பட்டன என்று ஒரு வரி வந்தால், பென் டிரைவைக் கழற்றி மறுபடி இயக்கிப் பார்க்கலாம்.

கோப்புகளை நகலெடுக்க முடியவில்லை என்று வந்தால் மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும். எழுத்துகள் தவறாக இருக்கலாம். பழைய தரவுக்கோப்பே கெட்டுப்போய் வழிமறிக்கலாம். அப்போது ‘ரென் இசட்:\இஎஃப்ஐ\மைக்ரோசாஃப்ட்\பூட்\பிசிடி பிசிடி.ஓல்டு’ என்று அதற்கு வேறு பெயர் சூட்டிவிட்டு மீண்டும் முயலுங்கள். அழிப்பதைவிடப் பெயர் மாற்றுவது எப்போதும் மேல். மூன்றாவது, அந்தச் சிறிய பிரிவு நிரம்பியிருக்கலாம். தயாரிப்பாளர் இட்டுவைத்த பயாஸ் நகல்கள் 100 மெகாபைட்டில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்வதுண்டு.

‘லிஸ்ட் வால்யூம்’ பட்டியலில் அந்தப் பிரிவே இல்லையென்றால் புதிதாக உருவாக்க வேண்டும். தவறுதலாக அழிக்கப்பட்டிருந்தால் அதன் பழைய இடம் வட்டின் தொடக்கத்தில் காலியாகவே இருக்கும்; டிஸ்க்பார்ட்டில் உள்வட்டைத் தேர்ந்தெடுத்து, ‘கிரியேட் பார்ட்டிஷன் இஎஃப்ஐ சைஸ்=100’, ‘ஃபார்மேட் குயிக் எஃப்எஸ்=ஃபேட்32’, ‘அசைன் லெட்டர்=இசட்’ என்று வரிசையாக இடலாம். காலியிடம் இல்லையென்றால், சி டிரைவைத் தேர்ந்தெடுத்து ‘ஷ்ரிங்க் டிசையர்ட்=300’ என்று அதன் வாலிலிருந்து கொஞ்சம் வெட்டி, 260 அளவில் உருவாக்க வேண்டும். சி டிரைவைச் சுருக்குவதற்கு முன் கோப்புகளை வெளியே நகலெடுத்திருப்பது கட்டாயம். ஃபார்மேட் கட்டளை, அந்த நொடியில் தேர்வில் இருக்கும் பிரிவின் மேல்தான் பாயும். எனவே அதற்கு முன் ஒருமுறை ‘லிஸ்ட் பார்ட்டிஷன்’ இட்டு, உடுக்குறி எந்த வரியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வேலையில் மிக ஆபத்தான இடம் இதுவே.

கோப்புகள் உருவான பிறகும் பூட் வரிசையில் பதிவு தோன்றாவிட்டால், பல அமைப்புத் திரைகளில் கோப்பைச் சுட்டிக்காட்டிப் பூட் பதிவைக் கையால் சேர்க்கும் வசதி இருக்கிறது. லெகசி அல்லது சிஎஸ்எம் எனப்படும் பழைய பயாஸ் முறைக்கு மாற்றிப் பார்க்கும்படி சொல்லும் அறிவுரையை மட்டும் ஏற்காதீர்கள். ஜிபிடி வட்டிலுள்ள விண்டோஸ் அந்த முறையில் தொடங்கவே தொடங்காது. ஒரு கோளாறு இரண்டாகும். அதேபோல் ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர்’, ‘பூட்ரெக் /ஃபிக்ஸ்பூட்’ ஆகியவை எங்கும் பரிந்துரைக்கப்படுகின்றன. முதலாவது, ஜிபிடிக்கு முந்தைய எம்பிஆர் அட்டவணை முறையில் அமைந்த வட்டுக்கானது, இரண்டாவது இன்றைய மடிக்கணினிகளில் அனுமதி மறுக்கப்பட்டது என்றே பெரும்பாலும் திரும்பிவரும்.

எம்பிஆர் வட்டுள்ள பழைய மடிக்கணினி என்றால் நிலைமை வேறு. அங்கே வட்டின் முதல் செக்டரிலுள்ள 512 பைட்டில் 446 பைட் துவக்க நிரலுக்கும், 64 பைட் நான்கு பிரிவுகளின் அட்டவணைக்கும், கடைசி 2 பைட் முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ‘/ஃபிக்ஸ்எம்பிஆர்’ துவக்க நிரலை மட்டும் மாற்றி எழுதி, அட்டவணையைத் தொடாமல் விடுகிறது. தொலைந்த பிரிவை அது மீட்காததற்குக் காரணம் அதுவே. அதன் பிறகு பிசிடிபூட் கட்டளையை ‘/எஃப் பயாஸ்’ என்று முடித்து இட்டு, பூட் பிரிவு ஆக்டிவ் என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிரிவே காணாமற்போனால்

பட்டா தொலைந்துவிட்டது என்பதால் நிலம் எங்கும் போய்விடுவதில்லை. பிரிவு அட்டவணை அழிந்தாலும் கோப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கும், அவற்றின் மேல் வேறெதுவும் எழுதப்படாத வரையில். ஆகவே ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று விண்டோஸ் கேட்டால் மறுத்துவிடுங்கள். எஸ்எஸ்டியில் இது இன்னும் முக்கியம்: ஃபார்மேட் செய்யும்போது விண்டோஸ் டிரிம் என்னும் ஆணையை அனுப்புகிறது, அதன் பிறகு வட்டே அந்தப் பகுதிகளைத் துடைத்துவிடுவதால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

ஜிபிடி முறையில் அட்டவணை இரண்டு இடங்களில் இருக்கிறது: ஒன்று வட்டின் தொடக்கத்தில், மற்றொன்று அதன் கடைசிச் செக்டர்களில். தொடக்கத்திலுள்ளது மட்டும் கெட்டிருந்தால், லினக்ஸில் ‘ஜிடிஸ்க்’ கருவியைத் திறந்து, ‘ஆர்’ அழுத்தி மீட்புப் பட்டியலுக்குப் போய், ‘பி’ மூலம் கடைசியிலுள்ள தலைப்பையும் ‘சி’ மூலம் அங்குள்ள அட்டவணையையும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ‘பி’ என்று இங்கே குறிப்பது ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தை. ‘டபிள்யூ’ அழுத்தும் வரை வட்டில் எதுவும் எழுதப்படாது. மனம் மாறினால் ‘கியூ’ அழுத்தி வெளியேறலாம்.

இரண்டு அட்டவணைகளும் போயிருந்தால் கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய டெஸ்ட்டிஸ்க் என்னும் இலவசக் கருவி கைகொடுக்கும். வட்டைத் தேர்ந்தெடுத்து, அது தானே கணிக்கும் அட்டவணை வகையை ஏற்று, அனலைஸ், குயிக் சர்ச் என்று போனால், பிரிவுகள் தொடங்கும் அடையாளங்களைத் தேடிப் பட்டியலிடும். பட்டியலைக் கண்டதும் எழுதிவிடாதீர்கள். பழைய காலத்தில் அழிக்கப்பட்ட பிரிவுகளின் எச்சங்களும் அதில் கலந்து வரும். ஒவ்வொரு வரியிலும் நின்று, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்தான ‘பி’யை அழுத்தினால் உள்ளே உள்ள கோப்புகளின் பெயர்கள் தோன்றும். உங்கள் கோப்புறைகளைக் கண்ணால் கண்டுவிட்டால் அதுதான் சரியான பிரிவு. அங்கிருந்தே ‘சி’ அழுத்தி, முக்கியமானவற்றை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிடலாம். நகலெடுத்து முடித்த பிறகு ‘ரைட்’ கொடுப்பதே நிதானமான வழி.

பிரிவு இருந்தும் ரா (கோப்பமைப்பு அறியப்படாதது) என்று காட்டப்பட்டால், அதன் முதற்செக்டர் கெட்டிருக்கக்கூடும். விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் கோப்பமைப்புள்ள பிரிவுகள் அந்தச் செக்டரின் நகலைப் பிரிவின் கடைசியில் வைத்திருக்கின்றன. டெஸ்ட்டிஸ்கின் அட்வான்ஸ்டு பகுதியில் பூட் என்பதைத் தேர்ந்தெடுத்தால், இரண்டையும் ஒப்பிட்டுக் காட்டி, நகல் நலமாக இருந்தால் அதைக் கொண்டு முதலாவதைத் திருத்தித் தரும். கோப்பமைப்பு மீண்டும் தெரிந்த பிறகு, ஆங்கிலத்தில் உயிரெழுத்தே இல்லாமல் எழுதப்படும் ‘செக்டிஸ்க்’ கட்டளையை ‘/எஃப்’ உடன் ஒருமுறை இடலாம்.

லினக்ஸும் விண்டோஸும் சேர்ந்திருந்தால்

லினக்ஸ் பிரிவை அழித்து இடத்தை மீட்ட மறுநாள் ‘கிரப் ரெஸ்க்யூ’ என்னும் கறுப்புத் திரை வந்தால் பதற வேண்டாம். யுஇஎஃப்ஐ இன்னும் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் நிரலையே முதலில் அழைக்கிறது. அமைப்புத் திரையில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையின் தலைக்குக் கொண்டுவந்தால் போதும். லினக்ஸ் வேண்டும், கிரப் மட்டும் கெட்டுவிட்டது என்றால், பென் டிரைவிலிருந்து இயங்கும் நேரடி லினக்ஸிலிருந்து, வட்டிலுள்ள லினக்ஸின் ரூட் (முதன்மை) பிரிவையும், அதனுள் இஎஃப்ஐ பிரிவையும் மவுண்ட் செய்து (இணைத்து), ‘சிரூட்’ கட்டளை மூலம் அந்த லினக்ஸினுள் சென்று கிரப்பை மறுபடி நிறுவ வேண்டும். உபுண்டு, டெபியன் ஆகியவற்றில் ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ என்னும் கட்டளைகள் போதும். ஃபெடோராவில் யுஇஎஃப்ஐ கணினிகளுக்கு அந்தக் கட்டளையைப் பயன்படுத்தாமல், கிரப்புக்கு முன் ஏறி அதை அழைக்கும் ஷிம், கிரப் ஆகிய தொகுப்புகளை மறுநிறுவல் செய்வதே முறை. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு, எஸ்பேட் சரிபார்ப்பு தோல்வி என்னும் செய்தியுடன் லினக்ஸ் நின்றுபோன கணினிகளில் எந்தக் கோப்பும் கெட்டிருக்கவில்லை. நம்பத்தக்க பூட் நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு வசதி பழைய ஷிம் நிரலை ஏற்க மறுத்ததே காரணம்.

மீண்டும் இயங்கிய பிறகு

முதன்முறை இயங்கும்போது பிட்லாக்கர் திறவியைக் கேட்கக்கூடும்; பூட் கோப்புகள் மாறியதை அது உணர்ந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் நிர்வாகி உரிமையுடன் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ‘ரீஏஜென்ட்சி /இன்ஃபோ’ (reagentc /info) என்று இட்டு, வட்டிலேயே இருக்கும் விண்டோஸ் மீட்புச் சூழல் செயலில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ‘/எனேபிள்’ கொடுங்கள். பிரிவுகளை மாற்றி அமைத்த கணினிகளில் இது அணைந்துகிடப்பது வழக்கம். அந்தச் சூழல் இருக்கும் மீட்புப் பிரிவில் போதிய காலியிடம் இருப்பதும் தேவை: 2024 ஜனவரியில் வெளிவந்த விண்டோஸ் 10 பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று, அங்கே 250 மெகாபைட் காலியிடம் இல்லாத கணினிகளில் ஏறாமல் பிழை காட்டிக்கொண்டே இருந்தது.

கடைசியாக, பிரிவு அட்டவணையை ஒரு கோப்பாகச் சேமித்துவையுங்கள். நேரடி லினக்ஸில் ‘எஸ்ஜிடிஸ்க்’ கட்டளையை ‘--பேக்கப்=’ என்பதுடன் ஒரு கோப்புப் பெயரும் வட்டின் பெயரும் கொடுத்து இட்டால் சில கிலோபைட் அளவில் ஒரு கோப்பு கிடைக்கும். விண்டோஸில் ‘பிசிடிஎடிட் /எக்ஸ்போர்ட்’ என்பது பூட் தரவுக்கோப்பை அவ்வாறே சேமித்துத் தரும். இரண்டையும் பிட்லாக்கர் திறவியையும் அதே மடிக்கணினியில் அல்லாமல் வேறொரு பென் டிரைவில் வைத்திருங்கள்.